அவசர சிகிச்சைப் பிரிவில் இயன்முறை மருத்துவர்

ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் முறையில் உழைக்கும் தொழிலாளர்களுள், பளு தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவரும், ஓயாது ஒரே அசைவைச் செய்து தோள்வலி கண்டவரும், வேலை முடிந்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பைக் சறுக்கிக் கணுக்கால் பிசகியவரும் இராக்காலத்தில் நாடிச் செல்லக்கூடியது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவையே. நோயாளிகளை அவசரத்தின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுக்கும் தமிழக அரசின் முறையில் இத்தகையோர் பெரும்பாலும் பச்சைப் பிரிவினர். காத்திருந்து, ஊசியும் வலி மாத்திரையும் பெற்றுத் திரும்புவோர். இவர்களுக்கென அங்கேயே ஓர் இயன்முறை மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) நியமிப்பது உசிதமா என்பதே ஆராயத்தக்க விஷயம்.

இதன் குணங்கள் வெளிப்படையானவை. கணுக்கால் எலும்பின் குறிப்பிட்ட இடங்களை அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி நடக்க முடிகிறதா என்று சோதித்து எக்ஸ்ரே தேவையா என நிர்ணயிக்கும் ஒட்டாவா விதிகள் 1992-லேயே வகுக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அவற்றைச் செவ்வனே கையாளக்கூடும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அவரை அவசரப் பிரிவில் அமர்த்தும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இணைச் சுகாதாரத் தொழில்கள் பற்றிய நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும், இயன்முறை மருத்துவர் தனித்தோ பல்துறைக் குழுவின் அங்கமாகவோ பணியாற்றலாம் என்கிறது. எல்லாவற்றினும் மேலாக, எப்படி நடப்பது, எப்போது குனிவது, எவ்வளவு ஓய்வு போதும் என்பதை நோயாளிக்குப் பொறுமையுடன் விளக்க ஒருவர் கிடைக்கிறார். மருத்துவரோ சிவப்புப் பிரிவினரைக் கவனிக்க அவகாசம் பெறுகிறார்.

எனினும் தோஷங்கள் அற்பமானவையல்ல. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைபட்டு, தொடைகளின் உட்புறம் மரத்துப்போயிருந்தால் அது தண்டுவட நரம்புக் கற்றை நசுங்கும் ஆபத்தின் அறிகுறி. அதைச் சாதாரணப் பிடிப்பென்று கருதிப் பயிற்சி கற்பித்தனுப்பினால் ஆயுள் முழுவதும் ஊனம் நேரலாம். மருத்துவர் பற்றாக்குறையை மறைக்கும் மலிவான உபாயமாக இந்நியமனம் மாறவும் இடமுண்டு. பகலில் மட்டும் பணிபுரிபவரால், இரவு ஷிப்டில் அடிபட்டவருக்குப் பிரயோஜனமில்லை. இவற்றினும் நுட்பமான அபாயம் ஒன்று: தொழிலாளியை விரைவில் இயந்திரத்தின் முன் நிறுத்துவதே சிகிச்சையின் இலட்சியமாகிவிடுவது. கூலி போய்விடுமென்று அஞ்சும் ஒப்பந்தத் தொழிலாளியும், தமிழ் அறியாத பீகார், ஒடிசா இளைஞனும் அதற்கு மறுமொழி கூற வலுவற்றவர்கள்.

இத்தோஷங்களோடு தமிழக அரசின் இரு திட்டங்களையும் சேர்த்து நோக்க வேண்டும். 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. உயிரைக் காக்கும் முதற்கட்டத்தையும் உடலைத் தேற்றும் பிற்கட்டத்தையும் அரசு இவ்வாறு தனித்தனியே அமைத்திருக்க, இவ்விரண்டையும் இணைக்கத்தக்கவர் அவசரப் பிரிவின் இயன்முறை மருத்துவரே. அவருடைய மெய்யான மதிப்பு வேகத்திலன்று, இத்தொடர்ச்சியிலேயே உள்ளது.

ஆதலின் நியமனம் நியாயமானதே. ஆனால் ஆபத்தான அறிகுறிகளை முதலில் மருத்துவர் விலக்கியறிதல், இரவிலும் பணி, தொழிலாளியின் மொழியில் விளக்கம், வேலைக்குத் திரும்பும் நாளைத் தீர்மானிப்பதில் தொழிற்சாலையின் தலையீடின்மை ஆகிய நான்கும் நிபந்தனைகளாக எழுத்தில் இருத்தல் வேண்டும். இவற்றைச் சுகாதாரத் துறையும் தொழிலாளர் சங்கங்களும் கூடி வற்புறுத்துவது இத்தொழிற்பகுதிக்கு அவை செய்யவேண்டிய கடமை.