கேட்டுவிட்டு ஒதுங்கு

மழை பிடித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் அக்காவும் தங்கையும் குடையில்லாமல் வழியோரச் சிறு கோயிலுக்குள் ஓடி ஒதுங்குகிறார்கள். கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூரை, அதற்குக் கீழே கல்லில் ஜிஸோ சாமி. பிள்ளைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அவர் காவல் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. அக்கா சத்சுகி கைகூப்பி, கொஞ்ச நேரம் இங்கே நின்றுகொள்கிறோம் என்று அவரிடம் கேட்டுக்கொள்கிறாள். எல்லாம் சில நொடிதான். ஹயாவோ மியாசாகியின் 'டோட்டோரோ' (1988) படத்தைப் பார்த்தவர்கள் பூனைப் பேருந்தைச் சொல்வார்கள், டோட்டோரோவின் வயிற்றைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சில நொடிதான் படம்.

காரணம் என் பாட்டி. சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கொதிக்கிற கஞ்சியை அப்படியே தரையில் கொட்ட விடமாட்டாள். ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். "கீழே யார் இருக்காங்களோ" என்பாள். வேப்பமரத்துக் கிளையைக் கழிக்க ஆள் வருகிற தினத்துக்கு முந்தின சாயங்காலமே மரத்தடியில் விளக்கேற்றி வைத்து, "நாளைக்கு வெட்டப்போறோம், இருக்கிறவங்க கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். யாரிடம் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

நாட்டார் கதை என்றதும் யார் எதுவாக மாறினார், யார் யாரைத் தின்றார் என்றுதான் யோசிக்கிறோம். அந்தக் கதைகளுக்கெல்லாம் அடியில் ஒரு மரியாதைப் பழக்கம் கிடக்கிறது: கண்ணுக்குத் தெரியாத அக்கம்பக்கத்தாரோடு எப்படி நடந்துகொள்வது என்பது. நல்ல ஜப்பானிய அனிமேக்காரர்கள் முதலில் அதை வரைந்துவிடுகிறார்கள். பூதம் பிறகு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம் கதையையே அவர்கள் வரைந்தபோதும் இதுதான் நடந்தது. 1983-ல் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்த யூகோ சாகோவை இராமாயணம் பிடித்துக்கொண்டது. ஜப்பான்காரர் இராமரைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று இங்கிருந்து விசுவ ஹிந்து பரிஷத் கண்டனக் கடிதம் அனுப்பியது. அதையெல்லாம் தாண்டி, அவரோடு கொய்ச்சி சசாகியும் நம் ராம் மோகனும் சேர்ந்து இயக்க, ஏறத்தாழ 450 கலைஞர்கள் உழைத்து முடித்த படம் 1993 ஜனவரியில் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையேறியது. அப்போது தியேட்டர்களில் எடுபடவில்லை. கார்ட்டூன் சேனலில் ஓடி ஓடியே ஒரு தலைமுறையின் இராமாயணமாகிப் போனது. 2025 ஜனவரி 24 அன்று தமிழ்க் குரலோடு தியேட்டருக்குத் திரும்பி வந்தது.

அந்தப் படம் உருவான விதத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குவது என்பதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள் ஜப்பானியருக்குச் சொல்லிக்கொடுத்தார்களாம். சிரிக்கத் தோன்றும். ஆனால் நம்மூர்க் கார்ட்டூன் புராணங்களில் பிள்ளைகள் காலில் விழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தண்டால் எடுப்பதுபோல இருக்கும். இந்தப் படத்தில் குனிகிற முதுகுக்கு ஒரு கனம் இருக்கிறது. சீதைக்கு இன்னும் கொஞ்சம் இடம் தந்திருக்கலாம் என்ற குறை எனக்கு இப்போதும் உண்டு. அதே சமயம், கும்பகர்ணன் எழுந்து நிற்கிறபோது அவன் உயரத்தை நம்ப முடிகிறதே, அதற்குக் காரணம் அதுவரை சின்னச் சின்ன அசைவுகளில் படம் நம் நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருப்பதுதான்.

2025 மார்ச்சில் எல்லார் கல்யாணப் படமும் ஒரே வாரத்தில் மியாசாகியின் ஸ்டூடியோவான 'கிப்லி'யின் பாணிக்கு மாறியது நினைவிருக்கும். கம்ப்யூட்டர் கன்னத்தைச் சிவப்பாக்கியது, கண்ணைப் பெரிதாக்கியது. கைகூப்பச் சொல்லித்தர யாருமில்லை.

கிப்லியின் இன்னொரு தூண் இசாவோ தகஹாதா. மியாசாகி அளவுக்கு இங்கே பெயர் பரவவில்லை. என் ஓட்டு அவருக்குத்தான். 2013-ல், 78 வயதில், 'இளவரசி ககுயாவின் கதை' எடுத்தார். மூங்கில் வெட்டுகிற கிழவர் கணுவுக்குள் ஒளிரும் சின்னஞ்சிறு பெண்ணைக் கண்டெடுக்கிற, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய கதை. எங்கள் பக்கம் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலும் சோழர் காலத்தது. கபில முனிவர் சாபத்தால் பசுவாகப் பிறந்து, மண்ணுக்குள் கிடந்த லிங்கத்தின் மேல் பால் சொரிந்தார் என்பது அதன் தலபுராணம். மண்ணுக்குள்ளோ மூங்கிலுக்குள்ளோ யாரோ ஒளிந்திருக்கிறார், ஒரு பசுவோ கிழவரோ கண்டுபிடிக்கிறார். அந்தக் காலத்து மனசு எங்கும் ஒன்றுபோலத்தான் வேலை செய்திருக்கிறது.

படம் முழுக்கக் கரிக்கோடும் நீர்வண்ணமும். ஓரங்களில் காகிதம் வெறுமையாகக் கிடக்கும். ககுயா தாங்க முடியாமல் மாளிகையை விட்டு ஓடும்போது அந்தக் கோடுகள் கிறுக்கலாகிச் சிதறும். அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாக வழியில் கழன்று விழும். கடைசியில் நிலவுலகத்தார் மேகத்தின் மேல் ஊர்வலமாக வந்து அவளை அழைத்துப் போகிறார்கள். பூமியின் நினைவே அழியப்போகும் அந்தப் பிரிவுக்கு ஜோ ஹிசாய்ஷி போட்டிருக்கும் இசையைக் கேட்க வேண்டும். துள்ளலான, கவலையே இல்லாத மேளம்! வெளிநாட்டு விமர்சகர்கள் இதைக் கேட்டுத் திகைக்கலாம். சாவு மேளத்துக்கு ஆடிக்கொண்டே போகிறவர்களைத் தெருவில் பார்த்து வளர்ந்தவனுக்குத் திகைப்பில்லை. அழுகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அழைத்துப் போகிறவர்களுக்குத் தாளம் வேண்டும்.

ஆனால் என்னைப் போன்ற தாம்பரத்துக்காரனுக்கென்றே தகஹாதா எடுத்த படம் 'ககுயா' இல்லை. அது 1994-ல் வந்த 'பொம்பொகோ'.

தனுக்கி என்பது நாய்க் குடும்பத்து விலங்கு. முகத்தில் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருக்கும். நினைத்த உருவம் எடுத்து மனிதரை ஏய்க்கும் என்பது ஜப்பானிய நாட்டார் வழக்கு. வயிற்றில் தட்டினால் வரும் சத்தம்தான் பொம்பொகோ. (வழக்கில் அதன் விரைப்பைக்கும் பெரும் புகழ் உண்டு. எட்டுப் பாய் அளவுக்கு விரியுமாம். தகஹாதா கூச்சமேயில்லாமல் அதையும் வரைந்திருக்கிறார். குழந்தைகளோடு பார்ப்பவர்கள் பதில்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.) டோக்கியோவுக்குப் புறத்தே தாமா மலைப்பகுதியை வெட்டிச் சமன்செய்து 1960-களிலிருந்து புதுநகர் ஒன்றைக் கட்டினார்கள். தாமா நியூ டவுன், நிஜ ஊர். அங்கே வீடிழந்த தனுக்கிகள் மறந்துபோன உருமாற்றக் கலையைத் திரும்பப் பயின்று புல்டோசரோடு மோதுவதுதான் கதை. கதை சொல்லும் குரல் ரகுகோ கலைஞர் ஒருவருடையது. ரகுகோ என்றால் மெத்தையில் உட்கார்ந்து ஒரே ஆளாகக் கதை சொல்லும் மரபு. நம் கதாகாலட்சேபக்காரர் சிரிப்பு மூட்டுவதையே தொழிலாக வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும், அப்படி.

ஷிகோகு தீவிலிருந்து மூத்த தனுக்கிகள் வந்து சேர, ஊரையே மிரட்டப் பேய் ஊர்வலம் ஒன்று நடத்துகிறார்கள். தெரு நெடுக எலும்புக்கூடுகள், பூதங்கள், பறக்கும் தலைகள். நூற்றாண்டுகளின் கற்பனை மொத்தமும் அடுக்குமாடிகளுக்கு நடுவே நடந்து போகிறது. ஒரு கிழத் தனுக்கி அந்த உழைப்பிலேயே உயிரை விடுகிறது. ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? பால்கனியில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டு பேர் தம் பாட்டுக்குக் குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் பூதங்கள் கடந்து போவது தெரியாமல். மறுநாள் பொழுதுபோக்குப் பூங்கா முதலாளி ஒருவர், அது தன் பூங்காவுக்கான விளம்பரம் என்று அறிவித்துவிடுகிறார். நாட்டார் மரபுக்கு நம் காலத்தில் நேர்ந்ததை இதைவிடக் கொடூரமாக, இதைவிடச் சிரிப்பாகச் சொன்ன காட்சி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைத் தாண்டும்போதெல்லாம் இந்தப் படம் எனக்குள் ஓடத் தொடங்கிவிடும். சதுப்பில் இரவில் நெருப்பு எழுந்தால் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். சேற்றிலிருந்து கிளம்பும் வாயு என்று பாடப்புத்தகம் சொன்னது. ஜப்பானில் அதே மாதிரி நெருப்பு நரியுடையது. 2022-ல் இந்தச் சதுப்புநிலம், உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அதே வருஷம் ஏப்ரலில் அதன் ஓரத்துப் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. பிசாசு பாவம், அந்தப் புகையில் தன் கொள்ளியை யார் பார்ப்பார்கள் என்று போயிருக்கும்.

படத்தின் முடிவில், தோற்றுப்போன தனுக்கிகள் மிச்சமிருக்கும் சக்தியைத் திரட்டி ஒரு கடைசி மாயம் செய்கிறார்கள். மிரட்டுவதற்கு இல்லை. சும்மா. கட்டடங்கள் கரைந்து பழைய வயலும் மரமும் கூரை வீடும் கொஞ்ச நேரம் திரும்பி வருகின்றன. தாங்கள் உண்டாக்கிய மாயம் என்று தெரிந்தும், தனுக்கிகளே அதற்குள் ஓடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்த வித்தையைத் தினமும் வாயாலேயே செய்கிறார்கள். செம்பாக்கத்தில் டூவீலரை நிறுத்திவிட்டு, "இங்கதான் மதகு, அந்த மருந்துக்கடை வரைக்கும் தண்ணி நிக்கும்" என்பார் ஒருவர். ஒரு நொடி தண்ணீர் நிற்கும். பிறகு மருந்துக்கடை திரும்பி வந்துவிடும். பக்கத்து அடுக்ககத்தின் பெயர் 'லேக் வியூ'.

மரநாய்கள் மட்டும் இன்னும் போகவில்லை. ராத்திரி எங்கள் மொட்டைமாடித் தகரத்தின் மேல் தடதடவென்று ஓடுகின்றன. நம்மூர்த் தனுக்கி என்றால் அதுதான்.

வெயிலடிக்கும்போது மழை பெய்தால் நரிக்குக் கல்யாணம் என்று நாம் சொல்வதைத்தான் ஜப்பானியரும் சொல்கிறார்கள். 'பொம்பொகோ'வில் அந்த நரிகள் முன்பே மனித உருவெடுத்து டோக்கியோவில் பிழைக்கத் தொடங்கிவிட்டவை. கடைசியில் உருமாறத் தெரிந்த தனுக்கிகளும் அதே வழியைப் பிடிக்கிறார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு, ரயிலில் நசுங்கிக்கொண்டு, டானிக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். களைப்பு மிஞ்சும்போது கண்ணைச் சுற்றிக் கருவளையம் காட்டிக்கொடுத்துவிடும்.

தாம்பரம்–கடற்கரை தடத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். நேற்றுக் காலை வண்டியில் எனக்கு எதிரே கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மடியில் சாப்பாட்டுப் பையோடு ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கினார். கண்ணுக்குக் கீழே நல்ல கறுப்பு. பல்லாவரம் தாண்டியதும் திடுக்கென்று விழித்து, ஜன்னலுக்கு வெளியே திரிசூலம் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "இங்க உக்காரலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன்.