காணாமையும் இன்மையும்

அறியப்பட்ட ஒவ்வொரு துகளுக்கும், தற்சுழற்சியில் அரை அலகு வேறுபட்ட இணைத்துகள் ஒன்று உண்டென்பது மீச்சமச்சீர்க் கொள்கை. நாற்பரிமாணத்தில் இதனை ஜூலியஸ் வெஸ், புருனோ சுமினோ என்னும் இருவர் 1974இல் விரித்துரைத்தனர். அவ்விணைத்துகள்களுள் ஒன்றேனும் இதுகாறும் காணப்பட்டிலது. இக்காணாமை நிறுவுவது யாதென்பதில் இருசாரார் தம்முள் மாறுபடுவர்.

காணப்படாமையின் இல்லையென்பர் ஒரு சாரார். ஜெனீவா நகரையடுத்த 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுடைய பெரிய ஹாட்ரான் மோதுகளத்தில் புரோட்டான்களின் மோதலாற்றல் 2015இல் 13 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டும், 2022இல் 13.6உம் ஆயிற்று. ஆண்டுப் பெரும்பாலும் தேடப்படுவது இணைத்துகளின் தடமன்று. அவற்றுள் மிக இலேசானது தடம் பதியாது நீங்குமெனக் கொள்ளப்படுதலின், கற்றைக்குக் குறுக்குத் திசையில் உந்தம் குறைந்து தோன்றுதலே அதற்கு அடையாளமாம். நியூட்ரினோவாலும் அளவீட்டுப் பிழையாலும் அக்குறை தோன்றும். 1984இல் செர்ன் நிலையத்து யூஏ1 ஆய்வினர் கண்ட ஒற்றைத் தாரை நிகழ்ச்சிகளை இணைத்துகளின் குறியெனச் சிலர் கருதினர். அறிந்த துகள்களே அவற்றிற்குக் காரணமெனப் பின்னர்த் தெளியப்பட்டது. குறை கண்ட துணையானே உண்மை துணிதல் கூடாதவாறு போல, அது காணாத துணையானே இன்மை துணிதலும் கூடாது. குளுயினோ என்னும் இணைத்துகள் ஏறத்தாழ 2 டெரா எலெக்ட்ரான் வோல்ட் நிறைவரை இல்லையென அட்லஸ், சிஎம்எஸ் ஆய்வினர் விலக்குவதும், அதன் சிதைவிற் பிறக்கும் துகள் மிக இலேசானதென்னும் கோளைப் பற்றியதேயாம். இரண்டன் நிறையும் நெருங்குமாயின் வெளிப்படும் ஆற்றல் சுருங்கும், விலக்கும் தளரும்.

அற்றேல், எல்லைக்கப்பால் அவை உள்ளன என்றும் கொள்வேமென்பர் மற்றைச் சாரார். அதுவும் பொருந்தாது. இணைத்துகள்கள் டெரா எலெக்ட்ரான் வோல்ட் எல்லையை அடுத்திருத்தல் வேண்டுமென எதிர்பார்த்தது ஓர் ஏதுப்பற்றி. ஹிக்ஸ் துகளின் நிறை, குவாண்டத் திருத்தங்களாற் பெருகாது, நுண்ணிய பொருத்தமின்றியே சிறிதாய் நிற்றற்கு அவை வேண்டப்பட்டன. அத்துகள் 2012இல் கண்டறியப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 125 கிகா எலெக்ட்ரான் வோல்ட். இணைத்துகள்களின் நிறை உயருந்தோறும், தவிர்க்கக் கருதிய நுண்பொருத்தமே மீளவும் வேண்டப்படும். ஏதுவை இழந்து மேற்கோளை மட்டும் காத்தல் வாதநெறியன்று.

ஆகலின் இக்காணாமையால் அழிந்தது கொள்கையன்று. அணித்தே காணப்படும் என்ற உறுதியே தளர்ந்தது. ஏறத்தாழ 91 கிலோமீட்டர்ச் சுற்றளவில் மற்றொரு மோதுகளம் கருதப்படும் இந்நாளில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஹிக்ஸ் துகளை நுணுகி அளத்தல் அதற்குத் தக்க காரணமாகலாம். இணைத்துகள் ஆண்டுத் தப்பாது வெளிப்படும் என்னும் வாக்குறுதி ஆகாது.