சுட்டு எண்ணிக்கை: பைத்தான் நினைவகத்தை விடுவிக்கும் முறையின் நிறைகுறைகள்

பைத்தான் மொழியின் முதன்மை இன்டர்பிரட்டரான சிபைத்தானில், ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற கணக்கைத் தன்னிடமே வைத்திருக்கும். புதிய மாறி அதைச் சுட்டினால் எண் கூடும். அந்த மாறி வேறொன்றுக்கு மாறினாலோ, அது இருந்த செயற்கூறு முடிந்தாலோ எண் குறையும். சுழியானதும் பொருள் அழியும். ஜார்ஜ் காலின்ஸ் 1960-இல் முன்வைத்த உத்தி இது.

உடனடித்தன்மையே இதன் தலையாய நிறை. பெரிய தரவுத் தொகுதி ஒன்றைக் கடைசியாகச் சுட்டிய மாறி மறைந்த கணமே அதன் இடம் காலியாகும். அதற்காக நிரலை நிறுத்தி நினைவகம் முழுவதையும் துழாவ வேண்டியதில்லை.

சுழற்சிதான் பெருங்குறை. மர அமைப்பில் தாய்க் கணு பிள்ளைக் கணுவையும், பிள்ளை தாயையும் சுட்டினால், நிரல் இரண்டையும் கைவிட்ட பிறகும் அவற்றின் எண் சுழியாகாது. இதற்காகவே 2000-இல் வெளிவந்த பைத்தான் 2.0, சுழற்சிகளைத் தேடி அழிக்கும் குப்பை சேகரிப்பானைச் சேர்த்தது. ஆனால் அது இயங்கும் நேரத்தை நிரலாளர் முன்கூட்டிச் சொல்ல இயலாது. உடனடித்தன்மை அங்கே கைநழுவுகிறது. வேகத்திலும் இழப்பு உண்டு. ஒரு மதிப்பைப் படிக்கும்போதுகூட எண்ணை மாற்றி எழுத நேர்கிறது. பல இழைகள் ஒரே எண்ணைத் தொட்டால் கணக்கு தவறாகும் என்பது, ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் இயங்கவிடும் பொதுப்பூட்டு நீண்டகாலம் நீடித்ததற்கு முக்கியக் காரணம்.

‘டெல்’ கூற்றைப் பலர் அழிப்புக் கட்டளையாகவே கருதுகிறார்கள். அது நீக்குவது பெயரை மட்டுமே. அதே பொருளை ஒரு பட்டியலோ தற்காலிகச் சேமிப்போ சுட்டிக்கொண்டிருந்தால் நினைவகம் விடுபடாது. விடுபட்ட இடத்தையும் சிபைத்தான் மறுபயன்பாட்டுக்கென வைத்துக்கொள்ளலாம். ஆகவே இயக்கமுறைமை காட்டும் அளவு குறையாமல் இருப்பதை மட்டும் வைத்து, கசிவு என்று முடிவுகட்டக் கூடாது.

கோப்பு தானாக மூடிக்கொள்ளும் என்று இந்த எண்ணிக்கையை நம்பி எழுதுவது இன்னும் ஆபத்தானது. சுட்டு எண்ணிக்கையைப் பயன்படுத்தாத பைபை இன்டர்பிரட்டரில் அதே கோப்பு நெடுநேரம் திறந்தே கிடக்கலாம். கோப்புக்கும் இணைப்புக்கும் 2006-இல் பைத்தான் 2.5-உடன் வந்த ‘வித்’ கூற்றே உரிய வழி. அது மூடும் இடத்தை நிரலிலேயே வெளிப்படையாகக் காட்டுகிறது. முன்பு சொன்ன மர அமைப்பில், பிள்ளைக் கணுவிலிருந்து தாய்க் கணுவுக்குச் செல்லும் சுட்டை, எண்ணிக்கையைக் கூட்டாத வலுவற்ற சுட்டாக அமைத்தால் சுழற்சியே உருவாகாது.

நினைவகத்தைப் பொறுத்தவரை சுட்டு எண்ணிக்கை நம்பத்தக்க உத்தி. பிற வளங்களை விடுவிக்கும் பொறுப்பையும் அதன்மேல் சுமத்துவது தவறு. அந்தப் பொறுப்பை நிரலாளரே ஏற்க வேண்டும்.