நள்ளிரவும் கெஸ்கியோவும்: ஒரு சந்தேகக் குறிப்பு

ஃபின்னிஷ் கத்துக்க ஆரம்பிச்ச மூணாவது வாரமே எனக்கும் அந்த ஆசை வந்துச்சு. 'கெஸ்கியோ' என்றால் நடு + இரவு. நம்ம நள்ளிரவும் நள் + இரவுதான். "ஆஹா, உறவு!" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இந்த ஆசை பழசு. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், ஃபின்னிஷ் உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு திராவிட மொழிகளை இணைத்துப் பார்த்தார். இன்றும் இணையத்தில் பலர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு சொற்பட்டியல் போடுகிறார்கள். அதில்தான் எனக்குச் சண்டை. இங்கிலீஷ் 'மிட்நைட்'டும் நடு + இரவுதானே? ராத்திரிக்கு நடு உண்டு என்று தெரிய உறவு வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

அடுத்து 'வீக்கொன்லொப்பு', அதாவது வார இறுதி. நன்னூல் கணக்கில் நம்ம 'வார இறுதி' வேற்றுமைத்தொகை. உருபு மறைஞ்சு நிற்கும். அங்கே 'வீக்கொ' என்ற சொல்லோடு வேற்றுமை உருபு 'ன்' வெளிப்படையாகவே ஒட்டியிருக்கு. அந்த 'ன்' நம்ம 'இன்' மாதிரியே இருக்கேன்னு மறுபடி கை துறுதுறுக்கும். ஒரே ஒரு மெய்யெழுத்தை வச்சு குடும்பம் கட்ட முடியாதுங்க.

உண்மையில் கத்துக்க வேண்டியது ஒத்துப்போகாத இடத்தில்தான் இருக்கு. 'வுவொரொகவுசி' என்றால் பகலும் இரவும் சேர்ந்த 24 மணி நேரம். 'வுவொரொ' என்றால் முறை. ஷிஃப்ட்டுக்கும் அதே சொல். பகலுக்கு 'பைவா' தனியாக உண்டு. நாம் பெரும்பாலும் இரண்டுக்கும் 'நாள்' என்றே சொல்லிவிடுகிறோம்.

இது வெறும் அகராதி விஷயம் இல்லை. பல வருஷம் முன்னாடி ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு வருகைப்பதிவு மென்பொருள் எழுதினேன். 'நாள்' என்றால் தேதி என்று வச்சுட்டேன். நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு 12 மணிக்கு மேல் செய்த வேலை அடுத்த தேதியில் போய் விழுந்தது. ஒரே ராத்திரி உழைப்பு, ரெண்டு அரைநாளாச்சு, சம்பளத்தில் குறைஞ்சது. தப்பு என்னுடையது. ஒரு பெரியவர்தான் வந்து கேட்டார்: "தம்பி, தேதி மாறுச்சு சரி. நான் எங்க மாறினேன்?"

உறவு தேடும் சொற்பட்டியல்களால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நோட்டில் அந்த அடிக்கோட்டை அழிச்சுட்டேன். அவர் கேட்டதை அங்கே எழுதி வச்சிருக்கேன்.