நாடாவை ஒட்டிய கை

காலப் பயணியின் கதையான 'டாக்டர் ஹூ'வை, 2018இல் ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக வந்தபோதுதான் சிவகாசியில் இருந்தபடி பார்க்கத் தொடங்கினேன். பிறகு பின்னோக்கிப் போய் 1963இன் கறுப்பு வெள்ளை அத்தியாயங்களைப் பிடித்தேன். பேத்தி சூசனுக்கு அலறுவதே வேலை, எரிச்சல்தான். ஆனால் வரலாற்று ஆசிரியை பார்பரா, 1964இன் 'தி ஆஸ்டெக்ஸ்' கதையில் நரபலியைத் தடுக்க டாக்டரையே எதிர்த்து நிற்கிறாள். விட்டேக்கருக்குக்கூட இத்தனை கனமான மோதலை எழுதித் தரவில்லை என்பேன்.

முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட் என்ற பெண். அவர் பெயர் திரையில் வரும். முகப்பு இசைக்கு உழைத்தவர் பெயர் வராது. ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை, டீலியா டெர்பிஷயர் ஒவ்வொரு சுரமாக ஒலிநாடாவில் பதிந்து, பிளேடால் வெட்டி, ஒட்டி உருவாக்கினார். உரிமைத்தொகையில் பாதியை அவருக்குத் தர கிரெய்னரே விரும்பினார். பிபிசி விதி இடம் தரவில்லை. டெர்பிஷயர் இறந்தது 2001இல். தொடரில் அவர் பெயர் வந்தது 2013இல்.

சரம் பின்னி, பெட்டிக்கு லேபிள் ஒட்டும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஒட்டும் லேபிளில் சாமி படம் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும்.