கதவை உடைத்தால் கதை முடிந்துவிடுமா? – ‘தி ஹை கிரவுண்ட்’ ஒரு திறனாய்வு



கடத்தல் பற்றிச் சிறுகதை எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் எப்படி முடிப்பாங்க, சொல்லுங்க? திடீரென்று போலீஸ் வரும், கடத்தியவர்கள் பிடிபடுவார்கள், எல்லாரும் மகிழ்ச்சியாக வீடு திரும்புவார்கள். நானும் மொழிநடையைப் பார்த்துப் புள்ளி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன். அது சரிதானா என்று என்னை யோசிக்க வைத்தது, ஒரு பழைய அறிவியல் புனைவு நாடகம்.

1990 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளியேறிய ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘தி ஹை கிரவுண்ட்’ என்ற அங்கம் அது. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ்.

எண்டர்பிரைஸ் விண்கலம் ஒரு கிரகத்துக்கு மருந்துப் பொருள்களைக் கொண்டுபோகிறது. அங்கே தனிநாடு கேட்டுப் போராடும் அன்சாட்டா குழுவின் குண்டு வெடிக்கிறது. கப்பலின் மருத்துவர் கிரஷர் காயமுற்றோருக்குச் சிகிச்சை தருகிறார். கேப்டன் பிக்கார்ட் உடனே கப்பலுக்குத் திரும்பச் சொல்கிறார், மருத்துவர் மறுக்கிறார். அந்த நேரத்தில் ஃபின் தலைமையிலான அந்தக் குழு அவரைக் கடத்திப் போகிறது. சட்டென்று மறைந்து வேறிடத்தில் தோன்ற அவர்கள் பயன்படுத்தும் கருவி அவர்கள் உடலையே அழித்து வருகிறது. அதற்கு மருத்துவம் பார்க்க ஆள் வேண்டும்.

இப்போது கப்பலில் இருப்பவர்கள் என்ன செய்வது? அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, பேச்சுவார்த்தை: துணைத் தலைவர் ரைக்கர் அதற்குத் தூது அனுப்பிப் பார்க்கிறார். இரண்டு, உள்ளூர்க் காவல் தலைவி டெவோஸின் வழி: சந்தேகப்பட்டவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போடுவது. மூன்று, கருவியின் தடயத்தை வைத்து மறைவிடத்தைக் கண்டுபிடிப்பது. அந்த வேலையில் மருத்துவரின் மகன் வெஸ்லியும் இருக்கிறான்.

நடுவில் டேட்டா என்ற எந்திர மனிதர் கேப்டனிடம் ஒரு கேள்வி கேட்கிறார். வன்முறையால் வெற்றி கிடைத்த போராட்டங்கள் வரலாற்றில் இருக்கும்போது, அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று, அயர்லாந்து 2024இல் ஒன்றிணைந்தது என்ற கற்பனை. வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அதனால் பிபிசி அப்போது இந்த அங்கத்தை ஒளிபரப்பவில்லை. கதை எவ்வளவு சூடான இடத்தில் கை வைத்தது, பாருங்க!

ஆனால் கை வைத்த வேகத்திலேயே எடுத்தும் விடுகிறது என்பதுதான் என் குறை. அன்சாட்டா குழு கப்பலையே தாக்கி, கேப்டனையும் கடத்துகிறது. பொறுப்பு ரைக்கரிடம் வருகிறது. அவர்களை மீட்க விலை கொடுப்பதா, கொடுத்தால் நாளை இன்னொரு குழு இன்னொருவரைக் கடத்தாதா? ரைக்கர் தவிக்க வேண்டிய இடம் இது. அதற்குள் மறைவிடம் தெரிந்துவிடுகிறது. ரைக்கரும் டெவோஸும் ஆயுதங்களோடு உள்ளே போகிறார்கள். பிக்கார்டைக் கொல்லப்போன ஃபினை டெவோஸ் சுட்டுவிடுகிறார். கருவி ஒன்று வேலை செய்ததால் யாரும் முடிவெடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. நம் மாணவர் கதையில் வரும் போலீஸ்தான் இங்கேயும் வருகிறது!

அப்படியானால் இது மோசமான கதையா? இல்லை. உண்மையான முடிவுகள் இரண்டு இதில் இருக்கின்றன. தனக்கு ஆபத்து என்று தெரிந்தும் காயம்பட்டவரை விட்டுப் போக மாட்டேன் என்று மருத்துவர் எடுத்த முடிவு ஒன்று. அதற்கு அவரும் கப்பலும் விலை கொடுக்கிறார்கள். இன்னொன்று கடைசிக் காட்சி. தலைவன் விழுந்ததும் ஒரு சிறுவன் டெவோஸை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குகிறான். இனிக் கொலை வேண்டாம் என்று மருத்துவர் கெஞ்சுகிறார். அவன் மெல்லக் கையைத் தாழ்த்துகிறான். அந்தச் சில விநாடிகளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆயுதங்களோடு உள்ளே போன காட்சியைவிட இதுதான் மனத்தில் நிற்கிறது.

ஆசிரியர்களே, கதையைச் சொல்லிவிட்டு வகுப்பில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மறைவிடம் கடைசிவரை தெரியாமலே போயிருந்தால், ரைக்கர் என்ன முடிவு எடுத்திருக்க வேண்டும்? அந்த முடிவால் யாருக்கு என்ன இழப்பு? இரண்டு பத்தி போதும்.

மாணவர்களே, திறனாய்வு எழுதும்போது கதையை முழுவதும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் பாத்திரம் முடிவெடுக்கிறது, எந்த இடத்தில் கதாசிரியர் அதைத் தப்பிக்க விடுகிறார் என்று தேடுங்கள். உங்கள் கருத்தைச் சொல்லி, அந்த இடத்தையே சான்றாகக் காட்டுங்கள்.

நானும் ஒன்று செய்யப்போகிறேன். இனி போலீஸ் வந்து முடியும் கதையைத் திருத்தும்போது, புள்ளியோடு ஓரத்தில் ஒரு வரியும் எழுதுவேன்: “போலீஸ் வராமல் இருந்தால்?”