பூமணியின் 'வெக்கை'யில் இழவும் இளையோர் வாசிப்பும்

முன்னுரை

கோவில்பட்டியை அடுத்த ஆண்டிப்பட்டியில் பிறந்த பூமணியின் இரண்டாவது நாவல் 'வெக்கை' (1982). சாதி, நிலவுடைமை, வன்முறை ஆகியவற்றின் பதிவாக இதனை வாசிக்கையில், தலைமைப் பாத்திரமான சிதம்பரம் அண்ணனைப் பறிகொடுத்த 15 வயதுச் சிறுவன் என்பது பின்னுக்குச் சென்றுவிடுகிறது. இளையோர் நாவலாக எழுதப்படாத இப்படைப்பைத் துயருற்ற இளம் வாசகர் தமதாக உணர்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அழுகையும் வெகுளியும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக இழவையும், வெகுளி பிறக்கும் களன்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கையும் வகுக்கிறது. அண்ணனின் சாவு சிதம்பரத்துக்கு ஒரே வேளையில் இழவும் கொலையுமாகிறது. அவர்களது நிலத்தின்மேல் கண்வைத்த வடக்கூரானின் வலக்கையை வெட்டவே அவன் திட்டமிடுகிறான், உயிரே போய்விடுகிறது. உறுப்பறையாக எண்ணியது கொலையாக முடிகிறது. அழுது தீர்ப்பதற்கு முன்பே வெகுளிக்குள் தள்ளப்பட்டவன் அவன்.

துயரின் வேலைகள்

மணியாச்சிப் பகுதிக் கேத வீடுகளில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பர். ஆண்கள் வெளியே அமர்ந்திருப்பர். விடலைப் பையனுக்கு இரண்டிடத்திலும் இடமில்லை. கேதம் சொல்லிவரவும் தண்ணீர் சுமக்கவும் அவன் அனுப்பப்படுவான். பதின்வயதில் பெரியப்பா மகனான அண்ணனை நோய்க்குப் பறிகொடுத்த இக்கட்டுரையாளருக்கு அன்றைய நாளில் நினைவிருப்பது, சைக்கிளில் ஊர் ஊராகச் சென்ற அலைச்சலே.

'வெக்கை'யிலும் தந்தையும் மகனும் தலைமறைவாகத் திரியும் நாள்கள் சமைத்தல், உண்ணல், ஒளிந்துறங்கல் எனச் சிறு வேலைகளால் நிறைகின்றன. இறந்தவனைப் பற்றிய பேச்சு அவற்றினூடே வந்துபோகிறது. ஒப்பாரிக்கு உரிமையற்ற சிறுவனின் துயருக்கு நாவல் தரும் வடிவம் இதுவே. இளம் வாசகர் தம்மை இனங்காண்பதும் அரிவாளைக் காட்டிலும் இவ்வேலைகளில்தான். இந்நாவலைத் தழுவிய 'அசுரன்' (2019) திரைப்படம் தந்தையையும் அவரது கடந்தகாலத்தையும் மையமாக்கியபோது இத்துயர் ஓரத்துக்கு நகர்ந்தமை, சிறுவனின் பார்வைக்கோணம் நாவலுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்தும்.

முடிவுரை

சொந்த இழப்போடு பொருத்தி வாசித்தலைத் திறனாய்வுக்கு முந்தைய எளிய நிலையெனச் சிலர் ஒதுக்குவர். எனினும், கதையோட்டத்தில் தேவையற்றவையெனத் தோன்றும் சமையலும் உறக்கமும் துக்கத்தின் மொழி என்பதை அவ்வாசிப்பே வெளிப்படுத்துகிறது. அதற்கோர் எல்லையும் உண்டு. நோயில் நேர்ந்த சாவும் சாதியும் நிலமும் விளைத்த சாவும் ஒன்றல்ல. இரண்டையும் சமப்படுத்தினால் நாவல் காட்டும் அநீதி மறைந்துவிடும். வகுப்பறையில் இந்நாவலைப் பயிற்றுவிப்போர், மாணவர் தம் துயரை அதில் காண இடமளிப்பதோடு, தமக்கு நேராத அநீதியையும் காணச் செய்தல் வேண்டும்.